பட்டினிக்கு ஒரு டூப்

"ஏறு சேட்டா" என்றான் ஷிபு.

தங்கப்பன் இடுப்பில் ஒற்றைத் துண்டோடு எடை மெஷின் முன்னால் நின்றார். ஏறவில்லை. காலையில் வரும் வழியில் தின்ற நாலு பொரோட்டாவும், கோழிச் சால்னாவும், டபுள் ஆம்லெட்டும் அவருக்குள்ளே பத்திரமாக இருந்தன. அவர் ஏறினால் அவையும் கூடவே ஏறும்.

"எந்தா, பேடியா?"

பயம்தான். போன வாரம் அறுபத்தெட்டு கிலோ. இந்த வாரம் அறுபத்தாறுக்கு வந்தாக வேண்டும் என்று உத்தரவு. ஆனால் இந்த வாரம் முழுக்க அவர் தின்றதை ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில்கூட யாரும் தின்றிருக்க மாட்டார்கள். மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொள்ளட்டும், இன்றோடு தொலையட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்.

யாரும் திட்டவில்லை. கண்ணைத் திறந்தார்.

அறுபத்தைந்தரை.

ஷிபு அவரை அப்படியே கட்டிப்பிடித்தான். முன்னாள் பாக்ஸர். அவன் அன்பாகப் பிடித்தாலே விலா வலிக்கும்.

"கண்டோ எல்லாரும்! இதாணு டெடிக்கேஷன்! நான் சொன்னதுக்கு மேல அரை கிலோ!"

மண்டபத்தில் லைட் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏணியில் நின்றபடியே கைதட்டினார்கள். தங்கப்பன் குனிந்து, மெஷினைச் சந்தேகத்தோடு பார்த்தார்.

அது ஒரு பாக்ஸிங் படம். கதையில் ஒரு பாக்ஸர் கீழ் எடைப் பிரிவுக்கு இறங்கி மோத வேண்டும். அதற்காகத் தின்னாமல், குடிக்காமல், எச்சிலைக்கூட விழுங்காமல் துப்பித் துப்பி உடம்பை வற்ற வைக்கிறான். கடைசியில் எடை பார்க்கிற அன்று மெஷினில் நின்றபடியே சாய்கிறான். ஹீரோவுக்கு அடுத்த படத்தில் போலீஸ் வேஷம் என்பதால் புஜத்தைக் குறைக்க முடியாது. முகத்தை மேக்கப்பில் ஒடுக்கிக் காட்டிவிடலாம். முதுகெலும்பு, விலா, ஒட்டிய வயிறு இவற்றுக்கெல்லாம் இன்னொரு ஆள் வேண்டும்.

அந்த ஆளை அஸிஸ்டென்ட் டைரக்டர் சிபி கண்டுபிடித்தது தம்பானூரில், ஆறுமுகநயினாரின் ஹோட்டலில். தங்கப்பன் அங்கே பொரோட்டா மாஸ்டர். இருபது வருஷமாகத் தெருவைப் பார்த்துக் கல்லில் நிற்கிறவர். உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு அவருடைய முதுகு மட்டுமே தெரியும்.

"அண்ணா, திரும்பாதீங்க!" என்று ஒரு குரல் கேட்டது.

தங்கப்பன் மாவை வீசிய கையோடு அப்படியே நின்றார். "சாருக்கு எந்தா வேணும்?"

"உங்க முதுகு."

உயரம், கழுத்து, காது, தோள் எல்லாம் ஹீரோவுடையது மாதிரியே இருக்கிறதாம். உடம்பு மட்டும் கொஞ்சம் குறைய வேண்டும். எழுபத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு.

காலையில் மண்டபத்தில் ஷிபுவிடம் பயிற்சி, சாயங்காலம் வழக்கம்போல் பொரோட்டாக் கல். மழைக்கோட்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிவிட்டு ஓடச் சொன்னார்கள். சாப்பிட முட்டையின் வெள்ளையும் வெள்ளரிக்காயும் உப்பில்லாத கஞ்சியும். குடிக்கக் கைக்குழந்தைக்குக் கொடுக்கிற அளவுக்குத் தண்ணீர்.

முதல் சில நாள் தங்கப்பன் நேர்மையாகத்தான் இருந்தார். பிறகு அந்தப் பசி வந்தது.

அவருக்குப் பசி புதிதில்லை. சின்ன வயதில் களியக்காவிளைப் பக்கம் பட்டினி பார்த்த குடும்பம்தான். ஆனால் இது வயிற்றிலிருந்து மட்டும் வரவில்லை. விரல் நுனியிலிருந்தும் கண்ணுக்குள்ளிருந்தும் வந்தது. ஒரு சாயங்காலம், வெந்திருக்கிறதா என்று பார்க்கப் பொரோட்டாவில் ஒரு விளிம்பைப் பிய்த்து வாயில் போட்டார். நன்றாக வெந்திருந்தது. முழுதையும் தின்றார். அடுத்ததும் வெந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு கட்டு நிற்கவில்லை. கல்லில் நின்றபடி தின்றார். ஹோட்டலின் பின்புறம் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று தின்றார். குழாயில் வாயை வைத்துத் தண்ணீர் குடித்தார். காலையில் குற்றவாளி மாதிரி மெஷின் முன்னால் போய் நின்றார். மெஷின் ஒவ்வொரு தடவையும் அவரை விடுதலை செய்தது.

வீட்டில்தான் தொல்லை தொடங்கியது.

கரமனையில் இரண்டு அறை வாடகை வீடு. மனைவி எலிசாள் ஜாக்கெட் தைக்கிறவள். கணவர் பட்டினி கிடக்கிறார் என்று தெரிந்த அன்றே தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"நீ தின்னாம இருக்கதுக்கு உன்னை யாரு சினிமாவுல எடுத்தா?" என்று கேட்டார் தங்கப்பன்.

"நீங்க பாத்துட்டு இருக்க, நான் எப்படித் தின்னுவேன் லிபிக்க அப்பா? எனக்குத் தொண்டைக்குக் கீழ எறங்காது."

"நான் பாக்க மாட்டேன். திரும்பி இருக்கேன்."

"ராத்திரி எத்தனை தடவை எழும்பிப் போறியன்னு நான் பாக்கல்லியா? பசியில ஒங்களுக்கு உறக்கமே இல்ல. நான் வயித்த நெறச்சிட்டுக் கெடக்கவா?"

வீட்டில் சாளைமீன் கறி நின்றது. மரச்சீனிக் கிழங்கு நின்றது. அடுப்பில் ஒரு கஞ்சி மட்டும் கொதித்தது. அதையும் எலிசாள் ஒரு வேளைதான் குடித்தாள். ஏற்கெனவே ஒல்லியான ஆள். கன்னம் உள்ளே போனது.

ஆனாலும் அவரை அவள் பார்க்கிற பார்வையில் ஒரு மரியாதை வந்திருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தங்கப்பன் அதைப் பார்த்ததில்லை. மகள் லிபி காலேஜில் அப்பாவின் தொழிலை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நாலு தோழிகளை வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அங்கிள், ஷர்ட் கொஞ்சம் பொக்காமோ?" என்று ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்தாள்.

தங்கப்பன் சட்டையைத் தூக்கிக் காட்டினார். விலா எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன. பெண்கள் "ஐயோ!" என்றார்கள். லிபியின் முகம் பெருமையில் சிவந்தது. அந்த நிமிஷத்தில், நான் ஒரு கள்ளன் என்று எப்படிச் சொல்வது?

முதலில் எலிசாளை எப்படியாவது தின்ன வைக்க வேண்டும் என்று பார்த்தார். ஹோட்டலிலிருந்து பொரோட்டாவும் சிக்கனும் பார்சல் கட்டிக்கொண்டு போனார்.

"ஹோட்டல்ல மிஞ்சிப்போச்சு. நீயும் லிபியும் தின்னுங்க."

எலிசாள் பொட்டலத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணில் நீர் திரண்டது.

"இந்த மணத்தை மூக்குக்கிட்ட வச்சிட்டா பஸ்ஸுல வந்திய? சோதனை, லிபிக்க அப்பா, இது சோதனை. நீங்க இதுல விழுந்துடக் கூடாது."

பொட்டலத்தைக் கையோடு எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டு சுசீலாபாயிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து சுசீலாபாய் அவரைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டாள். வாரத்தில் மூன்று நாள் அவர் பார்சல் வாங்கிக்கொண்டு போனார். சுசீலாபாய்தான் பெருத்தாள்.

அடுத்து ஒரு யோசனை தோன்றியது. எடை ஏறினால் அவர்களே விரட்டிவிடுவார்கள். ஏமாற்றியதாக இராது, முடியவில்லை என்றாகிவிடும். எலிசாளும் தின்பாள்.

தங்கப்பன் எடை ஏற்றத் தொடங்கினார். இப்போது பசிக்காகத் தின்னவில்லை, மானத்துக்காகத் தின்றார். காலையில் பழம்பொரியும் பாலும். மத்தியானம் பிரியாணி. சாயங்காலம் பொரோட்டா. பழவங்காடியில் ஒரு கடையில் பால்பாயசம் நன்றாயிருக்கும் என்று கேள்விப்பட்டு அதையும் போய்க் குடித்தார். ஆறுமுகநயினார் கல்லாவிலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஏய் தங்கப்பா, இது சாப்பிடுதது இல்லடே, கெணத்த மண்ணு போட்டு மூடுத மாதிரில்லா இருக்கு. உள்ள எங்க போவுது?"

"அதுதான் முதலாளி எனக்கும் தெரியல்ல."

எடை பார்க்கும் நாள் வந்தது. தங்கப்பன் தைரியமாக ஏறினார். இன்று விரட்டப் போகிறார்கள் என்ற சந்தோஷம்கூட இருந்தது.

அறுபத்தொன்று.

ஷிபு கட்டிப்பிடிக்கவில்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்து போனில் யாரையோ கூப்பிட்டான். சிறிது நேரத்தில் டைரக்டரே வந்தார். தாடி வைத்த, அதிகம் பேசாத மனுஷன். தங்கப்பனின் தோள் எலும்பை விரலால் தொட்டுப் பார்த்தார். உடைந்த சாமானைத் தொடுகிற மாதிரி தொட்டார்.

"இதை நடிச்சுக் காட்ட முடியாது" என்றார் மெதுவாக. "சிபி, இனி முதுகு மட்டும் போதாது. இந்த முகம் வேணும். ஹீரோவுக்கு ஒரு அண்ணன் கேரக்டர் எழுதறேன். எடை குறைச்சுக் குறைச்சே போய்ச் சேர்ந்தவன். மெஷின்ல நின்னு சாயறது இந்த சேட்டன்தான்."

"சார், நான்..." என்று தொடங்கினார் தங்கப்பன்.

"ஒண்ணும் பேசாதீங்க. எனர்ஜியை வேஸ்ட் பண்ணாதீங்க."

மறுநாள் ஹீரோவே வந்து பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவருக்குள் ஏதோ குற்ற உணர்ச்சி. புஜத்தைக் கையால் மறைத்துக்கொண்டே கேட்டார்:

"சேட்டா, ரொம்பப் பசிக்கும்போ எதைப் பத்தி யோசிப்பீங்க?"

தங்கப்பன் உண்மையைச் சொன்னார். "பொரோட்டாவைப் பத்தி சார்."

 ஹீரோ கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

தங்கப்பனுக்கு இப்போது பயம் பிடித்தது. மெஷினில் கோளாறு இருக்க வேண்டும். பழவங்காடியில் தெரிந்த அரிசி மண்டிக்குப் போய் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். மண்டிக்காரர் எட்டிப் பார்த்து "அறுபது" என்றார். பக்கத்தில் கிடந்த அரிசி மூட்டையை ஏற்றிப் பார்த்தார்கள். மூட்டை சரியாகத்தான் இருந்தது.

அப்படியானால் வேறு ஏதோ நடக்கிறது. அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது எலிசாள் முழங்காலில் இருந்தாள். அவளுடைய ஜெபத்தின் கடைசி வரி காதில் விழுந்தது: "எடையை இன்னும் குறைச்சுத் தாரும் ஆண்டவரே."

தங்கப்பன் அவள் முன்னால் போய் நின்றார்.

"நீ இதுக்கா ஜெபிக்கிய?"

"நான் மட்டுமா? பெண்கள் ஐக்கிய சங்கத்துல எல்லாரும் ஒங்களுக்க பேரைச் சொல்லித்தான் ஜெபிக்கோம். முப்பது பேரு. கர்த்தர் கேட்டுட்டாரு, பாத்தியளா!"

"எலிசா, அதை நிப்பாட்டு."

"என்னத்தை?"

"ஜெபத்தை. சங்கத்துல சொல்லி நிப்பாட்டு. போதும். நான் எவ்வளவு... எனக்குத் தாங்கல்ல."

எலிசாள் எழுந்து நின்றாள். அவளை யாரோ அறைந்த மாதிரி இருந்தது முகம். "ஜெபத்தை நிப்பாட்டணுமா? எனக்க காதால இதைக் கேக்கணுமா? விசுவாசத்துல தளர்ந்து போனிய லிபிக்க அப்பா. பசியில தளர்ந்து போனிய."

அவருடைய விசுவாசத்துக்காகவும் சேர்த்து ஜெபிக்க வேண்டியிருந்ததால், இருந்த ஒரு வேளைக் கஞ்சியையும் எலிசாள் விட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டத்தில், பாட்டுக்கு எழுந்து நின்றவள் அப்படியே கீழே விழுந்தாள்.

லிபி போன் செய்தபோது தங்கப்பன் கல்லில் நின்று எட்டாவது பொரோட்டாவைத் தின்றுகொண்டிருந்தார். வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு ஓடினார். ஓடுவதற்குக் கால் வரவில்லை. ஆட்டோ பிடித்தார்.

எலிசாள் கட்டிலில் படுத்திருந்தாள். சங்கத்துப் பெண்கள் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவள் கை அவருடைய கையைவிட மெலிந்திருந்தது. தங்கப்பன் தரையில் உட்கார்ந்தார். இனி மரியாதை வேண்டாம், சினிமா வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

"எலிசா, நான் ஒரு காரியம் சொல்லுதேன். கோவிக்காம கேளு. நான் பட்டினி கெடக்கல்ல."

எலிசாள் அவரையே பார்த்தாள்.

"தொடக்கத்துல ஒரு வாரம் கெடந்தேன். அதுக்குப் பெறவு தின்னேன். தெனமும் தின்னேன். இன்னைக்கு மட்டும் எட்டு பொரோட்டா. நேத்து பிரியாணி. முந்தாநாளு பிரியாணி, பால்பாயசம்."

எலிசாள் கையை நீட்டி அவருடைய சட்டைக்குள் விட்டு விலா எலும்பைத் தடவினாள். ஒவ்வொன்றாகத் தடவினாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது.

"எனக்காண்டி கள்ளம் சொல்லாதீங்கோ."

"சத்தியமா சொல்லுதேன்!"

"நான் தின்னணும்னு சொல்லுதிய. எனக்குத் தெரியாதா? பட்டினி கெடக்கவங்கதான் இப்படி ஒண்ணொண்ணா எண்ணிச் சொல்லுவாங்க. பால்பாயசமாம்!" அவள் தேம்பினாள். லிபியும் வாசலில் நின்று தேம்பினாள்.

தங்கப்பன் போனை எடுத்து ஆறுமுகநயினாரைக் கூப்பிட்டார். சத்தமாகக் கேட்கும்படி வைத்தார்.

"முதலாளி, நான் ஹோட்டல்ல தின்னேனா இல்லியா, எலிசாகிட்ட சொல்லுங்க!"

 ஆறுமுகநயினார் நல்ல மனுஷர். தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று யோசித்தார். பட்டினி இருக்க வேண்டிய ஆள் தின்றான் என்று மனைவியிடம் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"தின்னானா? சேச்சே. பச்சத் தண்ணி பல்லுல படலியே தாயி. தங்கமான பிள்ள."

தங்கப்பன் போனைக் கீழே வைத்தார். இனி ஒரே வழிதான். லிபியைக் கடைக்கு அனுப்பினார். மரச்சீனி அவித்து, மீன்கறி வைத்து, எலிசாளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, அவள் கண் முன்னாலேயே தட்டு நிறையப் போட்டுத் தின்றார். "பாத்தியா? நான் தின்னுதேன். நீயும் தின்னு."

எலிசாள் முதலில் தயங்கினாள். பிறகு அவர் தின்பதைப் பார்த்துப் பார்த்து அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. ஒரு வாய் எடுத்து வைத்தாள். இன்னொரு வாய். லிபியும் உட்கார்ந்தாள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து தின்று எத்தனையோ நாளாயிற்று. தங்கப்பனுக்கு மனம் லேசாகிக்கொண்டு வந்தது.

அடுத்த நிமிஷம் வயிற்றைப் புரட்டியது. எழுந்து முற்றத்துக்கு ஓடினார். தின்றது எல்லாம் வெளியே வந்தது. தின்னாததும் வந்த மாதிரி இருந்தது. எலிசாள் தள்ளாடி வந்து அவர் தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

"பாத்தியளா?" என்றாள் அழுதுகொண்டே. "ஒரு மாசம் காய்ஞ்சு கெடந்த வயிறு. சோத்தைக் கண்டதும் தாங்கல்ல. இனிமே என்னை ஏமாத்தாதீங்கோ."

மறுநாள்தான் கடைசி ஷூட்டிங். தங்கப்பனுக்குத் தலை கனமாக இருந்தது. மூச்சு வேகமாக வந்தது. ஆனாலும் போனார். அங்கே போய் எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். எலிசாளும் கூட வந்தாள். அவரைத் தனியே விட அவளுக்குப் பயம்.

முதலில் ஷிபுவிடம் சொன்னார். "தம்பி, நான் டயட்டே இருக்கல்ல. தின்னுட்டேதான் இருந்தேன்."

ஷிபு அவர் தோளில் கை வைத்தான். "எனிக்கும் கடைசி நாள் இதே மாதிரி பைத்தியம் பிடிக்கும். என்னென்னமோ பறயும். இன்னும் ஒரு பத்து மினிட்டு, சேட்டா. அது போதும்."

மண்டபம் முழுக்கக் கூட்டம். தேர்தல் மாதிரி துண்டு போட்ட பெரியவர்கள், போட்டோக்காரர்கள், எதிராளி பாக்ஸர் எல்லாரும் துணை நடிகர்கள். நடுவில் எடை மெஷின். மேலே கண் கூசும் லைட். தங்கப்பனைத் துண்டோடு நிறுத்தினார்கள். "நான் இன்னும் குறைப்பேன்" என்று ஒரே ஒரு வசனம். அதைச் சொல்லிவிட்டுச் சாய வேண்டும்.

"ஆக்‌ஷன்!"

தங்கப்பன் மெஷினில் ஏறினார். லைட் இரண்டாகத் தெரிந்தது, பிறகு நாலாக. டைரக்டர் எங்கே என்று தேடினார்.

"நான் தின்னேன் சார்" என்றார். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டியது. "எல்லாரையும் ஏமாத்திட்டேன். நான் பட்டினி கெடக்கல்ல. எனக்க வீட்டுக்காரிதான் கெடந்தா. அவளுக்கு யாராவது சோறு குடுங்க."

 மானிட்டர் பக்கத்தில் டைரக்டர், சிபியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எழுதிய வசனத்தைவிட இது எங்கேயோ மேலே இருந்தது.

தங்கப்பன் சாய்ந்தார். மெத்தை போட்ட பக்கம் சாயவில்லை, மறுபக்கம் சாய்ந்தார்.

"கட்! கட்!" டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். ஹீரோ கைதட்டினார். துண்டு போட்ட பெரியவர்கள் கைதட்டினார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை. அதற்குள் ஒரு பெண்ணின் குரல் மட்டும் வேறுவிதமாகக் கேட்டது. எலிசாள் லைட் வயர்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. கையில் ஊசி ஏற்றி, மேலே பாட்டில் தொங்கியது. கால்மாட்டில் எலிசாள். கதவோரம் சிபி. ஷிபு வராந்தாவில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாளவிகா என்று பெயர்ப் பட்டை குத்திய நர்ஸ் ஒருத்தி அவர் விரலைப் பிடித்திருந்தாள். பாறசாலைப் பக்கத்துப் பெண், நன்றாகத் தமிழ் பேசினாள்.

"டயட்டுன்னு சொன்னாங்களே. எவ்வளவு நாளா சாப்பிடல்ல?"

தங்கப்பன் எலிசாளைப் பார்த்தார். பிறகு நர்ஸைப் பார்த்தார்.

"சிஸ்டர், நீங்களாவது நம்பணும். நான் சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்டீங்க?"

அவர் சொன்னார். பொரோட்டா, சால்னா, ஆம்லெட், பழம்பொரி, பிரியாணி, பாயசம். குழாயில் வாயை வைத்துக் குடித்த தண்ணீரையும் விடவில்லை. மாளவிகா சிரிக்கவும் இல்லை, பாவப்படவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"நம்புறேன்" என்றாள்.

தங்கப்பனுக்குக் கண் நிறைந்தது. இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள் நம்பிவிட்டாள்.

எலிசாள் கால்மாட்டிலிருந்து மெல்ல எழுந்தாள். ஒரு நர்ஸ் நம்பினால் அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். 

"அப்போ நெசமாட்டே தின்னியளா? நான் வீட்டுல கஞ்சிகூட குடிக்காம முழங்கால்ல நிக்கும்போ, நீங்க தின்னுட்டா இருந்திய?"

 எலிசாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிபி தரையைப் பார்த்தான். 

மாளவிகா கையிலிருந்த சின்ன மெஷினை ஒரு முறை பார்த்துவிட்டு, எலிசாளின் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

"கோவிக்காதீங்கம்மா, சுகர் இந்த மெஷினுக்கே நம்பர் காட்ட முடியாத அளவுக்கு ஏறிக் கெடக்கு, தின்னதுல ஒரு பருக்கைகூட ஒடம்புல சேரல்ல, இந்த ஒரு மாசமும் இவரு நெசமாட்டே பட்டினிதான் கெடந்திருக்காரு."